நடீன் கொண்டுவந்த பாத்திரம்

“அந்தப் பதினோரு பேரையும் சொன்னது நான்தான்” என்று அப்பா சொன்னதும் வெர்லீன் சிடியை நிறுத்தினாள். தேவாலயத்துக்குள் சவப்பெட்டியில் படுத்திருந்தவர், வெளியே அவளுடைய பழைய காருக்குள் இதுவரை இருமி இருமிப் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் ஊர் நூலகம், புத்தகத்தில் ஏறாத கறுப்பர்களின் கதைகளைச் சேர்க்கிறோம் என்று பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசவைத்தது. எல்லோரும் பேசிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். அப்பா மட்டும் படிவத்தில் ஒரு நிபந்தனை எழுதினார்: நான் போனபிறகு முதலில் மகள் கேட்கட்டும், அவள் கையெழுத்துப் போட்டால் ஊர் கேட்கலாம், இல்லையென்றால் அழித்துவிடுங்கள். நூலகத்துப் பெண் இன்று காலையில்தான் சிடியும் படிவமும் இருந்த உறையைக் கொண்டுவந்து தந்தாள்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு மீண்டும் போட்டாள்.

“உங்கம்மா உன்னை வயித்துல சுமந்துட்டிருந்தா. ஓட்டுக்குப் பேர் பதியப் போறது யாரு யாருன்னு மில் முதலாளி கேட்டான். சொல்லிட்டேன். பழி ஹோசியா மேல விழுந்தப்போ வாயைத் திறக்கல.”

அறுபத்து நான்கில் நடந்தது, ஓட்டுக் கேட்ட கறுப்பரை வெள்ளைக்காரர்கள் பழிவாங்கிய காலம். மறுநாளே பதினோரு பேருக்கும் மர மில்லில் வேலை போயிற்று. அவர்களில் ஒருவரான ஒடெஸா அத்தையின் புருஷன் சிகாகோவுக்குப் பிழைக்கப் போனவர், திரும்பவே இல்லை. ஹோசியா ரட் என்பவர் முதலாளியின் அறையிலிருந்து வந்ததை யாரோ பார்த்தார்களாம். சாட்சி அவ்வளவுதான், ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஹோசியா செத்தபோது அடக்கத்துக்கு, போதகரையும் ஹோசியாவின் மகள் நடீனையும் தவிர, போனவர் அப்பா ஒருவர்தான். எப்பேர்ப்பட்ட மனசு என்று ஊரே அவரை மெச்சியது.

உள்ளே போதகர் இன்றும் அதையே சொல்லி மெச்சினார். கூட்டம் ஆமென் சொன்னது. முன்வரிசையில் வெர்லீனின் கையை விடாமல் பிடித்திருந்தது ஒடெஸா அத்தைதான். அம்மா போனபிறகு அவளை வளர்த்தவளும் அத்தைதான். வெர்லீனுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் இந்தக் கை நிலைக்கும். அப்பாவே வழிவிட்டுத்தானே போயிருக்கிறார்.

அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. வறுத்த கோழி, கீரை, மக்ரோனி என்று ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். எது யாருடையதென்று அடியில் பெயர் ஒட்டியிருக்கும். கழுவித் திருப்பும்போது சாவு வீட்டார் வெறுமையாகத் தரமாட்டார்கள், எதையாவது வைத்துத்தான் தருவார்கள். நடீனும் ஒவ்வொரு சாவுக்கும் கொண்டுவருவாள். அது மேஜைக் கோடியில் மூடியபடியே இருந்து, வந்தபடியே திரும்பும். அறுபது வருடமாக ரட் வீட்டுச் சாப்பாட்டில் யாரும் கை நனைத்ததில்லை.

வெர்லீன் அதன் மூடியைத் திறந்தாள். சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

“அது யார் வீட்டுதுன்னு தெரியாம எடுக்கறியா?” என்றாள் ஒடெஸா அத்தை.

“தெரியும் அத்தை.”

கூடத்தில் பேச்சு நின்றது. அவள் நின்றபடியே தட்டு நிறையச் சாப்பிட்டாள். பாவம், துக்கத்தில் என்ன செய்கிறோமென்றே தெரியவில்லை என்று யாரோ சொல்ல, பேச்சு மெல்லத் திரும்பியது.

மிச்சத்தைத் தன் வீட்டுப் பாத்திரத்துக்கு மாற்றி, நடீனுடையதைக் கழுவித் துடைத்தாள். உறையிலிருந்த படிவத்தை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தாள். கையெழுத்துப் போட்டாள். சிடியோடு படிவத்தையும் உறையில் போட்டுப் பாத்திரத்துக்குள் வைத்து மூடி, நடீனின் கார் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“உள்ள என்ன?” என்றாள் நடீன்.

“எங்கப்பா பேசினது. உங்கப்பாவப் பத்தி. முதல்ல நீங்க கேளுங்க அக்கா, அப்புறம் நூலகத்துல குடுத்துடுங்க. கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

நடீன் அவள் முகத்தைப் பார்த்தாள். பாத்திரத்தை முன்னிருக்கையில் வைத்து, சரியாதபடி பெல்ட்டைப் போட்டு, காரை எடுத்தாள்.

கூடத்துக்குள், இன்னும் எதுவும் அறியாத ஒடெஸா அத்தை பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். வெர்லீன் போய் உட்கார்ந்தாள். அத்தை தன் கேக்கைப் பிட்டு, பெரிய பாதியை அவள் தட்டில் வைத்தாள்.