ஆறு பேரிடம் சொன்னேன்

பிரெண்ட் டாலஃப்ஸன் தங்கமான மனிதர் என்று மில்வாக்கியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கடைசி ஆள் போகும்வரை நிற்பார். வார்டில் இருக்கும் எல்லோருடைய நாயின் பெயரும் அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவார். எனக்கு அந்த ஆளின் குரல் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் மருந்தாளுநர். படிப்பு முடித்து, ஆஸ்பத்திரியில் ஒரு வருடப் பொதுப் பயிற்சி முடித்து, அதற்கும் மேலே ஒரு வருடம் உறுப்பு மாற்று நோயாளிகளை மட்டும் பார்க்கும் சிறப்புப் பயிற்சிக்கு வந்தவள். எங்கள் ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஒரே ஒரு இடம். அந்த வருடம் அது டெலியா கூபியாக் என்கிற எனக்குக் கிடைத்தது. பயிற்சிக்குத் தலைவர் டாலஃப்ஸன். அவரும் மருந்தாளுநர்தான், எங்கள் ஊரில் மூத்த மருந்தாளுநரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஜூன் கடைசியில் சான்றிதழில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் மினியாபொலிஸில் எனக்காகக் காத்திருந்த வேலை. போடாவிட்டால் ஒன்றுமில்லை.

அடுத்தவருடைய சிறுநீரகத்தை உடம்பு சும்மா ஏற்றுக்கொள்ளாது. அதை அடக்கிவைக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை. குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தின்னும், கூடினால் மாத்திரையே அதைத் தின்னும். அதனால் ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். ரத்தத்தைக் காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். போட்ட பிறகு எடுத்தால் எண் எகிறிப்போய்ப் பொய் சொல்லும். எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

அக்டோபரில் லூஷியஸ் பீஸ்லி வந்தார். மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜூனில் மகள் வனெட்டா ஒரு சிறுநீரகம் கொடுத்திருந்தாள். அதுவரை எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"காலையில மாத்திரை எப்போ போட்டீங்க, மிஸ்டர் பீஸ்லி?" என்று கேட்டேன்.

"எட்டு மணிக்கு. ஓட்ஸோட."

"ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியேவா?"

"எட்டு மணி அப்பாயின்ட்மென்ட்ட பத்துக்குத் தள்ளினது நீங்கதானே? போன் பண்ணின பொண்ணுகிட்ட ரெண்டு தடவை கேட்டேன். வழக்கமான நேரத்துக்கே போட்டுக்கோங்கன்னா. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். டைம் தப்ப மாட்டேன்."

மாலையில் எண் வந்தது. பத்தொன்பது. பத்துக்குக் கீழே இருக்க வேண்டியது. டாலஃப்ஸன் மகனுடைய ஹாக்கி ஆட்டத்துக்குக் கிளம்பிக் கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தார்.

"பத்தொன்பதா? பாதியாக் குறைச்சிடச் சொல்லு," என்றார்.

"டாக்டர், அவர் மாத்திரை போட்டுட்டுதான் ரத்தம் குடுத்திருக்கார். இந்த நம்பர் செல்லாது. நாளைக்குக் காலையில திரும்ப எடுத்துப் பாக்கலாம்."

"நாளைக்கு அந்த மனுஷனைத் திரும்ப அலைய விடணுமா? பாதியாக் குறை, டெலியா. ரொம்ப யோசிக்காதே."

சொன்னதைச் செய்தேன். ஆனால் குறிப்பில் எழுதிவைத்தேன். எட்டு மணிக்கு மாத்திரை போட்டிருக்கிறார், எண்ணை நம்ப முடியாது, மறுபடி ரத்தம் எடுக்கலாம் என்று டாக்டர் டாலஃப்ஸனிடம் சொன்னேன் என்று. பயிற்சியில் இருப்பவர் எழுதும் குறிப்பில் மேலே இருப்பவர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடும்முன் அவர் திருத்தலாம். மறுநாள் காலை பார்த்தால் கையெழுத்து இருந்தது, என் வரிகள் இல்லை. அழித்தது கணினியின் வயிற்றுக்குள் கிடக்கும், தோண்டினால் கிடைக்கும். யார் தோண்டுகிறார்கள்?

இரண்டு வாரத்தில் மருந்து மூன்றுக்கு இறங்கிவிட்டது. உடம்பு வனெட்டாவின் சிறுநீரகத்தைக் கடிக்க ஆரம்பித்திருந்தது. மூன்று நாள் படுக்கவைத்து ஊசி மருந்து ஏற்றி மிச்சத்தைக் காப்பாற்றினோம். பாதிதான் மிஞ்சியது.

அதற்கான விசாரணைக் கூட்டத்தில் டாலஃப்ஸன் என் தோளில் கை வைத்துக்கொண்டு பேசினார்.

"டெலியா மாத்திரை நேரத்தைக் கேக்க மறந்துட்டா. கத்துக்கற காலம்தானே. அவளை யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் என்னைக் கனிவாகப் பார்த்தார்கள். அந்தக் கனிவை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். அந்தக் காலாண்டு மதிப்பீட்டில் 'நோயாளியிடம் விவரம் கேட்டறிதல்' என்ற வரிக்கு எதிரே 'முன்னேற்றம் தேவை' என்று போட்டார். எங்கள் படிவத்தில் அதைவிடக் கீழே எதுவும் கிடையாது.

லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும் இறங்கியபோது சொன்னார். "நீ வாயத் திறக்காம இருந்தது புத்திசாலித்தனம். ஜூன்ல கையெழுத்துப் போடப்போறது நான்தானே?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கதவையும் பிடித்துக்கொண்டார், நான் வெளியே போவதற்கு.

நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன? ஆனால் அன்றிலிருந்து என் வேலை ஒன்றாக இருந்தது, நினைப்பு வேறொன்றாக இருந்தது. அவருக்குக் கெடுதல் செய்ய வேண்டும். சின்னதாக இல்லை, நன்றாக.

வழி பிப்ரவரியில் தானாக வந்தது. அடுத்த வருட இடத்துக்கு நேர்காணல். ஆறு பேர் வந்திருந்தார்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாட்டின்போது மேலதிகாரிகள் எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். உள்ளே, வந்தவர்களும் அந்த வருடப் பயிற்சியில் இருப்பவரும் மட்டும். அவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். உள்ளே பேசியதை வெளியில் யாரும் விசாரிக்கக் கூடாது. பிறகு ஆஸ்பத்திரித் தரப்பில் நாங்களும் அவர்களும் தனித்தனியாக விருப்பப் பட்டியல் கொடுப்போம். மார்ச்சில் கணினி இரண்டையும் பொருத்திப் பார்த்து யாருக்கு எந்த ஊர் என்று சொல்லும்.

சாண்ட்விச்சைப் பிரித்தபடி ஜார்ஜியாவிலிருந்து வந்த பெண் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். "இங்க ஒண்ணே ஒண்ணு மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?"

வாகனம் நிறுத்த இடம் போதாது என்று சொல்ல வேண்டும். எல்லா ஊரிலும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

"தலைவரை," என்றேன்.

ஆறு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. நோயாளியின் பெயரைச் சொல்லவில்லை. எண், நேரம், நான் எழுதிய வரிகள், மறுநாள் அவை இல்லாமல் போனது, கூட்டம், லிஃப்ட். வரிசையாகச் சொன்னேன்.

"அப்போ நாங்க இங்க வந்தா என்ன பண்ணணும்?" என்று ஒருவன் கேட்டான்.

"எழுதின உடனே ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கோங்க. இல்லேன்னா வராதீங்க."

மார்ச்சில் முடிவு வந்த அன்று டாலஃப்ஸன் ரசீன் நகரத்துப் பேக்கரியிலிருந்து வளையம்போல் இருக்கும் பெரிய கிரிங்கிள் கேக் வாங்கிவந்து, புதியவரின் பெயரைப் பலகையில் எழுதப் பேனாவோடு காத்திருந்தார். பெயர் வரவில்லை. ஆறு பேரில் ஒருவரும் எங்களைத் தங்கள் பட்டியலில் எழுதவில்லை. நாட்டிலேயே ஆள் கிடைக்காத சில இடங்களின் பட்டியலில் எங்கள் இடமும் இருந்தது. அவர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். நான் கிரிங்கிளில் இரண்டு துண்டு சாப்பிட்டேன். பெக்கான் பருப்புப் போட்டது. வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக எதுவும் சாப்பிட்டதில்லை.

இரண்டாம் சுற்றிலும் யாரும் வரவில்லை. எங்கள் உலகம் சின்னது, ஆறு பேருக்குத் தெரிந்தால் அறுநூறு பேருக்குத் தெரியும். ஜூலையிலிருந்து என் வேலையையும் சேர்த்து டாலஃப்ஸனே பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வடக்கே ஏரிக்கரைக் கேபினுக்கு இந்தக் கோடையில் போக முடியாது. அவர் முகம் சுருங்கச் சுருங்க எனக்குப் பசி எடுத்தது. யார் சொன்னது என்று அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கும். ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் போனவர் அவர்தானே, கேட்க முடியாது.

ஜூன் கடைசி வாரம், கையெழுத்துக்கு இன்னும் மூன்று நாள். பீஸ்லி ரத்தப் பரிசோதனைக்கு வந்தார். மெலிந்திருந்தார். நான் ஊரைவிட்டுப் போவதைச் சொன்னேன். மனசு நிறைந்திருந்ததால் நாக்கு நிற்கவில்லை.

"உங்களுக்குப் பண்ணினதுக்கு அந்த ஆளுக்கு நல்லாக் குடுத்திருக்கேன், மிஸ்டர் பீஸ்லி."

"எந்த ஆளு? எனக்கு என்ன பண்ணினாங்க?"

சொன்னேன். அந்த ஆறு பேரிடம் சொன்ன அதே வரிசையில், பிப்ரவரிச் சாப்பாடு வரைக்கும். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"அப்போ நான் மாத்திரை போட்டதால கிட்னி போகல?"

"இல்லவே இல்லை. யார் அப்படிச் சொன்னது?"

"டாலஃப்ஸன்தான். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ பக்கத்துல உக்காந்து சொன்னார். 'நீங்க முன்னாடியே போட்டுட்டதால வந்த வினை, மனசுல வெச்சுக்காதீங்க'ன்னு. எவ்வளவு அன்பாச் சொன்னார் தெரியுமா?" தொப்பியின் விளிம்பைத் தடவினார். "என் பொண்ணு வயித்தக் கிழிச்சுக் குடுத்தா. எட்டு மாசமா அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன். தேங்க்ஸ்கிவிங் விருந்துல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு கேட்டேன்."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்தேன். "அதான் அவரை நான்..."

"சாண்ட்விச் திங்க வந்த ஆறு பசங்ககிட்ட சொன்ன," என்றார். "எங்கிட்ட சொல்லல. நவம்பர்லேர்ந்து நான் இங்க எத்தனை தடவை வந்தேன்?"

ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் நானே உட்கார்ந்து மாத்திரைப் பெட்டியைச் சரிபார்த்து அனுப்பியிருந்தேன். அவருக்காகத்தான் பழிவாங்குகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

"வனெட்டா வெளிய உக்காந்திருக்கா. கூப்பிடு. அந்த டாக்டரையும் கூப்பிடு. அவர் முன்னாடி அவகிட்ட சொல்லு."

"மிஸ்டர் பீஸ்லி, வெள்ளிக்கிழமை அவர் என் சான்றிதழ்ல..."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார். நான் எழுந்துபோய் இருவரையும் கூட்டிவந்தேன்.

டாலஃப்ஸன் கதவைப் பிடித்துக்கொண்டு வனெட்டாவை முதலில் உள்ளே விட்டார். நான் நின்றபடியே சொன்னேன். அழித்த வரிகள் கணினியில் இருக்கின்றன, நோயாளி கேட்டால் எல்லாத் திருத்தங்களையும் கொடுத்தாக வேண்டும் என்பதையும் சொன்னேன். டாலஃப்ஸன் "டெலியா, இது சரியான இடம் இல்ல" என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் வனெட்டா. அப்பாவின் பக்கம் திரும்பினாள். "தேங்க்ஸ்கிவிங்ல நீங்க கேட்டப்போ நான் பதிலே சொல்லலையேப்பா. எந்திரிச்சுப் போயிட்டேனே."

"போச்சு, விடும்மா."

அவள் விடவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். டாலஃப்ஸன் சட்டையில் மாட்டியிருந்த அடையாள அட்டையைப் பார்த்து அவர் பெயரை எழுதினாள். எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. அக்டோபரிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன்.

பிறகு என்னைப் பார்த்தாள். என் அட்டை வெள்ளை அங்கிக்குப் பின்னால் திரும்பியிருந்தது.

"உனக்கும் அக்டோபர்லேர்ந்து தெரியும், இல்லையா?"

"தெரியும்."

அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டுபோனாள். "உன் பேரு எப்படி எழுதணும்?"

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் நிதானமாக எழுதிக்கொண்டாள்.