மொக்கம்மாளின் நேற்றைய நிழல்

சுருளிப்பட்டி மொக்கம்மாளின் நிழல், இரண்டு வருஷத்துக்கு முந்திய வைகாசியிலிருந்து அவளுக்கு ஒரு நாள் பின்தங்கி வருகிறது. அந்த வாரம் பன்னீர் திராட்சை விலை இறங்கியிருந்ததால் ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை அவள் பந்தலோரம் நின்று குலை வெட்டினால் காலடியில் நிழல் இருக்காது. செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு, ஆளில்லாத பந்தலோரம் நிழல் மட்டும் வந்து குலை வெட்டிவிட்டுப் போகும். கூலிக்கு வந்த பெண்கள் முதல் நாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அப்புறம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று வேலையைப் பார்த்தார்கள்.

காரணம் லேகியம். பிரசவ லேகியம் பெண்ணைப் பெற்ற வீட்டிலிருந்துதான் வரவேண்டும்; வந்ததைக் கொட்டுவது பிள்ளை வரத்தையே கொட்டுவது என்பது அந்த வீட்டு வழக்கம். மருமகள் ஹேமாவதி முதல் தடவை உண்டானபோது, பெரியகுளத்திலிருந்து அவள் அம்மா ஜோதிலட்சுமி ஆசையை அடக்கமாட்டாமல் மாசம் நிறையுமுன்பே ஒரு பீங்கான் ஜாடி நிறைய லேகியம் கொண்டுவந்து கொடுத்தாள். கரு தங்கவில்லை. அடுத்த வருஷம் ஜோதிலட்சுமியும் போய்ச் சேர்ந்தாள். ஜாடி பரணில் கிடந்தது. ஹேமாவதிக்கு மறுபடி ஒன்பதாம் மாதம் நடந்தபோது மொக்கம்மாள் அதை இறக்கினாள். மேலே ஒட்டியிருந்த சீட்டின்படி அதன் கெடு முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஹேமாவதி சீட்டைக் காட்டி, இதைத் தின்ன மாட்டேன் என்றாள். “வேருக்கும் பட்டைக்கும் என்னத்தா தேதி? இங்கன பாரு, நானே திங்கிறேன்” என்று மொக்கம்மாள் நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். வாந்தி இல்லை, பேதி இல்லை. நிழல்தான் பிந்திப் போயிற்று.

நிழலோடு போயிருந்தால் பரவாயில்லை. அவள் இன்றைக்குத் தின்ற சோறு நாளைக்குத்தான் பசியாற்றியது. மொக்கம்மாளோ, மருந்து பசியைக் கிளப்புகிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசிச் சட்டியை வழித்துத் தின்றாள். மகன் கர்ணன் ஜாடியைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்குப் போய், அந்த லேகியத்தைக் கிண்டி விற்ற நாட்டு மருந்துக் கடை அப்துல் ஜலீலிடம் காட்டினான். அவர் மோந்து பார்த்துவிட்டு மூடினார். “தேதி போட்டது நாந்தேன் தம்பி. அதுக்குப் பெறகு இது என்ன செய்யும்னு எனக்கே தெரியாது. பால் குடுக்கப்போற பொம்பளைக்கி இதக் காட்டாதீக.” கர்ணன் வந்து சொன்னதும் மொக்கம்மாள் சிரித்தாள். “அவுகளுக்குப் புதுசு விக்கணும்லே, அதேன் அப்பிடிச் சொல்றாக.”

பெண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோதும் ஹேமாவதிக்குப் பால் இறங்கவில்லை. பிள்ளை அழுதது. பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று, லேகியம் தின்னாத பிடிவாதத்தால் வந்த வினை என்றார்கள். மொக்கம்மாள் ஜாடியோடு வந்து அதைக் கட்டிலில் வைத்து, ஓர் உருண்டையை மருமகளின் வாயருகே நீட்டினாள். “ஒங்காத்தா ஆசையாக் குடுத்தது. செத்தவ குடுத்ததத் தள்ளுறியே, நீயெல்லாம் ஒரு மகளா?”

அந்தச் சொல் ஹேமாவதியைச் சுட்டது. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. “எங்கம்மா இருந்தா அவுகளே இதக் கொட்டியிருப்பாக. அத்த, நேத்து நீங்க தின்ன சோறு இன்னைக்கித்தேன் ஒங்க வயித்துக்கு வருது. எனக்கு இன்னையப் பாலு நாளைக்கி வந்தா, இவ இன்னைக்கி எதக் குடிப்பா?” கர்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். புருஷன் என்று பேர்தான். ஹேமாவதி பச்சை உடம்போடு எழுந்து கொல்லைக்குப் போய், லேகியத்தைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். ஜாடியைக் கழுவி, உப்புப் போட்டு அடுப்படியில் வைத்தாள். அம்மா கொடுத்ததில் ஜாடியும் சேர்த்திதானே. “திமிரு பிடிச்சவ” என்று மொக்கம்மாள் வெளியே போய்விட்டாள். ஹேமாவதி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி, பிள்ளையை விடாமல் மாரில் போட்டுக்கொண்டே இருந்தாள். சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காது கொடுக்கவில்லை. பொழுது சாயுமுன் பால் இறங்கியது. பிள்ளை கடைவாயில் வழிய வழியக் குடித்துவிட்டுத் தூங்கியது.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், ஹேமாவதியின் அறை ஜன்னலுக்கு எதிரே இருந்த மாட்டுக்கொட்டகைச் சுவரில் மொக்கம்மாளின் நிழல் வந்து நின்றது. தலையைச் சாய்த்து ஜன்னல் பக்கம் வெகுநேரம் காது கொடுத்தது. பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டது. அப்புறம் அப்படியே குத்தவைத்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கியது. ஜன்னலில் நின்று ஹேமாவதி பார்த்தாள், அவள் பின்னாலிருந்து சொந்தக்காரப் பெண்களும் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்திலிருந்து வந்த மொக்கம்மாள், சுவரையும் அவர்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“என்னத்தப் பாக்குறீக? அது நேத்து. இன்னைக்கி எனக்கு வேல கெடக்கு.”

ஹேமாவதி அடுப்படிக்குப் போய், அத்தையின் நாளைய பசிக்கு என்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டு வைத்தாள். இன்று வரை அப்படித்தான் போடுகிறாள்.