தம்பி கொண்டுவந்த தண்ணீர்

தம்பி கொண்டுவந்த பாட்டிலில் இருந்தது அளவுக்கு மீறி நல்ல தண்ணீர். அதுதான் அவளை உறுத்தியது.

போன வாரம் அவனுடைய கேன் தண்ணீர்க் கம்பெனியில் எடுத்த மாதிரித் தண்ணீரில் கிருமி வளர்ந்திருந்தது. மறுசோதனையிலும் தேறாவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. அந்தத் தண்ணீர் அவள் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவள்தான் நேரில் போய் மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. "நீ எதுக்குக்கா வெயில்ல அலையற" என்று அவனே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டான். அவளும் அதையே எடுத்துச் சோதனைக்கு வைத்தாள்.

உப்பு எண்பத்தாறு, கடினத்தன்மை இருபத்திரண்டு. எங்கேயோ பார்த்த எண்களாயிற்றே என்று பகலெல்லாம் மண்டை குடைந்தது. வீட்டில் புது ஃபில்டர் மாட்டிய அன்று அவளே ஆசைக்குச் சோதித்துப் பார்த்த எண்கள். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

சாயங்காலம் மகளிடம் பேச்சுவாக்கில், நேற்று சமையலறைத் தரை ஏன் ஈரமாக இருந்தது என்று கேட்டாள்.

"மாமா வரவே இல்லம்மா."

மாமாவைப் பற்றி யார் கேட்டது? மகளின் முகத்தில் சலனமே இல்லை. அந்த முகம் அவளுக்குத் தெரியும். தம்பி சைக்கிளால் பக்கத்து வீட்டுக் குழந்தையை இடித்துவிட்டு ஓடிவந்த அன்று, காலையிலிருந்து அவன் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்று வாசலில் நின்று சொன்ன அவளுடைய பத்து வயது முகம். அப்பா அன்று அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். அதற்கு முன் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

நம்ம வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்று மகளுக்கும் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்திருந்தாள்.

போன் செய்தாள். தம்பி மறுக்கவில்லை. ஒரு மாதத்தில் குழாய் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதாகச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ கைவிட்டா எனக்கு யாருக்கா இருக்கா?" என்றான். இதை எழுதிவைத்துப் படிக்கிறானோ என்று தோன்றியது. தோன்றியும், மறுநாள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். பாட்டிலில் இருந்ததைத்தானே எழுதியிருக்கிறோம்.

அடுத்த நாள் காலை மகளின் பையில் வீட்டுத் தண்ணீரைப் பெரிய பாட்டிலில் நிரப்பி வைத்து, பள்ளிக்கூடத்தில் பிடித்துக் குடிக்கக் கூடாது என்றாள். ஏன் என்று மகள் கேட்கவில்லை. பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

"பக்கத்துல உக்கார்றவ கேட்டா குடுக்கலாமா?"

"குடு. ஏன்னு மட்டும் சொல்லாத."

"அப்ப மத்த பிள்ளைங்க?"

பஸ் போய்விடும், கிளம்பு என்றாள்.