பட்டியலில் கடைசி ஆள்

மின்சாரம் போனால் அலுவலகத்தில் எந்தெந்த வேலை நிற்கவே கூடாது என்று வரிசைப்படுத்த எனக்கு மூன்று மாதம் பிடித்தது. ஒவ்வொரு பிரிவுக்காரரும் தன் வேலைதான் முதலில் என்று என் உயிரை வாங்கினார். வாயே திறக்காதவர் வாசல் காவல்காரர்தான். அவரைப் பட்டியலில் கடைசியில் போட்டேன்.

இன்று ஒத்திகை. கடைசியில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மின்சாரத்தை நிறுத்தினோம். ஜெனரேட்டர் அறையில் பூட்டு தொங்கியது.

காவல்காரருக்கு போன் போட்டேன்.

"சாவி எங்கண்ணே?"

"என் பாக்கெட்ல சார். பஸ்ல போயிட்டிருக்கேன்."

"கிளம்பும்போது சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேன் சார். பட்டியலைப் பாருன்னு நீட்டினீங்க."

வேர்த்துக் கொட்டியது. பூட்டிய கதவருகே உட்கார்ந்து பட்டியலால் விசிறிக்கொண்டேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக அது ஒரு வேலைக்கு உதவியது.