டமாரம் மனு பார்க்கப் போன நாள்

ஜெயில் வாசல் வரிசை காலை எட்டு மணிக்கே மதில் மூலையைத் தாண்டிவிட்டது. உள்ளே இருக்கும் ஆளைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பதற்கு மனு பார்ப்பது என்று பெயர். அன்றைக்கு மனு பார்க்க வந்தவர்களில் டமாரம் பதினோராவது ஆள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. இருபத்தாறு வருடம் நெசவு மில்லில் தறி ஓட்டி, அந்த இரைச்சலில் இரண்டு காதும் போய், தனக்குக் கேட்க வேண்டும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? மில் பெண்கள் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

உள்ளே இருப்பது அவளுடைய மருமகள். அவளுக்கும் அதே மில்தான். காதுக்கு அடைப்பான் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பதினெட்டு நாளைக்கு முன்னால் மருமகளும் கூட நாற்பது பெண்களும் தறிகளை நிறுத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். மறுநாளே, மெயின் சுவிட்சை உடைத்தாள் என்று புகார் கொடுத்து மருமகளை உள்ளே தள்ளிவிட்டது மில். உடைத்தாளாம்! அந்த சுவிட்சின் கைப்பிடி உடைந்தது மருமகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். அதில் ஒரு சணல் கயிற்றைக் கட்டித்தான் இத்தனை வருடமும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். டமாரமே ஆயிரம் தடவை இழுத்திருக்கிறாள்.

அவள் கையில் இருந்த பையில் ஒரு சோப்பும் இரண்டு ஜோடி துணியும் இருந்தன. போன வாரம் கொண்டுவந்த கால்சட்டைகளில் கயிறு இருக்கிறது, கயிறு ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கயிற்றை உருவிப் போட்டுவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். தைக்கும்போதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, மருமகளின் இடுப்பளவு தனக்கு எப்படித் தெரியும் என்று. நான்கு வருடமாக எலியும் பூனையுமாக இருந்தவர்கள். நேருக்கு நேர் பேசிக்கொள்வதுகூட அபூர்வம். “உங்கம்மாவை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்க” என்பாள் மருமகள். அவள் வாயசைவைப் பார்த்துவிட்டு, “அவளைப் பஞ்சை அடைச்சுக்கச் சொல்லுடா” என்பாள் இவள். நடுவில் மகன் தபால்காரன் வேலை பார்த்தான்.

அந்தத் தபால்காரன் இப்போது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், மில் வண்டியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மில் வண்டியை ஓட்டுவதுதான் அவன் வேலை. பக்கத்து சீட்டில் மடிமேல் ஒரு ஃபைலோடு மேனேஜர். அந்த ஃபைலுக்குள் ஒரு மன்னிப்புக் கடிதம் இருந்தது. சுவிட்சை உடைக்கச் சொன்னது இன்ன மூன்று பேர், நான் அவர்கள் பேச்சைக் கேட்டுக் கெட்டேன் என்று மருமகள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம். அவளுக்குப் பதில் அந்த மூன்று பேர் உள்ளே போவார்கள்.

மகன் நேற்றே அம்மாவிடம் சொல்லிவிட்டான். “கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடச் சொல்லும்மா. வேலையும் போய், அவளும் உள்ள இருந்தா நம்ம கதி என்ன?”

“உன் பொண்டாட்டிகிட்ட நீயே வந்து சொல்லேன்.”

மென்று விழுங்கினான். “மில் வண்டியை ஓட்டுறவன் அந்த வரிசையில நின்னா முதலாளி என்ன நினைப்பாரு?”

“பொண்டாட்டியைப் பார்க்க வந்திருக்கான்னு நினைப்பாரு. வேற என்னத்தை நினைப்பாரு?” என்றாள். ஆனாலும் சொல்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். அவன் முகம் அப்படி வாடிக் கிடந்தது.

வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது, தறியை நிறுத்திய நாற்பது பெண்களும் கூடி நின்ற எதிர்ப்பக்கப் பஸ் நிறுத்தத்திலிருந்து நெட்டை ஓடிவந்தாள். மில்லில் டமாரத்துக்குப் பக்கத்துத் தறியில் நின்றவள். பெயருக்கு ஏற்ற உயரம். குனிந்து, முகத்துக்கு நேராக வாயை நன்றாக அசைத்துப் பேசினாள்.

“அக்கா, எல்லாரும் வேலைக்குத் திரும்பியாச்சு, நீ மட்டும்தான் கிடக்கிறேன்னு உள்ள அவகிட்ட சொல்லி வச்சிருக்காங்களாம். மேனேஜர் போன்ல பேசுறதை ஆபீஸ் கூட்டுறவ கேட்டுட்டு வந்து சொன்னா. வக்கீலை நாளைக்குத்தான் உள்ள விடுவாங்க. அதுக்குள்ள இன்னைக்கே கையெழுத்து வாங்கிடப் பாக்குறாங்க. ஒரு தறிகூட ஓடலைன்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்க்கா. மத்ததை அவ பாத்துக்குவா.”

“அந்தக் காகிதத்துல உன் பேரும் இருக்காமே?”

“முதல் பேரே என்னுதுதான்” என்று நெட்டை சிரித்தாள். டமாரத்தின் தோளைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. “காதுக்கு அடைப்பான் கேட்டு எழுத ஆரம்பிச்சதே உங்க மருமகதான். ‘எங்க மாமியாருக்கு ஆனது இன்னொருத்திக்கு ஆகக் கூடாது’ன்னுதான் முதல் வரியையே எழுதினா. வீட்டுல சொல்லலையா?”

சொல்லவில்லை. யாரிடம் சொல்வாள்? இருபத்தாறு வருடம் முடிந்து டமாரத்தை வெளியே அனுப்பியபோது மில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. காது போனதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, வயதானால் எல்லோருக்கும் போகிறதுதான் என்று பூசி மெழுகினார்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்றுதான் டமாரம் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். பேசியிருக்கிறாள் ஒருத்தி. பேசியதற்குத்தான் உள்ளே இருக்கிறாள்.

சோதனை அறையில் துணியை உதறிப் பார்த்தார்கள். எலாஸ்டிக்கை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். சோப்பைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பார்த்தார்கள். உள்ளேயும் சோப்புதான் இருந்தது.

மனு அறையில் ஐந்து கண்ணாடித் தடுப்புகள். இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெண் காவலர், காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு எல்லா போனையும் ஒட்டுக்கேட்பாள். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடுவாள். போன வாரம் காவலருக்கு அந்தக் கவலையே இல்லை. டமாரத்தின் காதில் போன் வெறும் கட்டைதான். உதட்டையாவது பார்ப்போம் என்றால், மருமகள் பிடித்திருந்த போன் அவள் வாயையே மறைத்தது. பத்து நிமிடமும் “சாப்டியா? சாப்டியா?” என்று கத்திவிட்டு டமாரம் வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போய் யோசித்தபோது தன்மீதே கோபம் வந்தது. தறி ஓடும்போது நல்ல காது இருக்கிறவளுக்கும் எதுவும் கேட்காது. அதனால் தறிக்கூடத்தில் பெண்கள் கையால்தான் பேசுவார்கள். மீசையைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறான். உள்ளங்கையை இடமும் வலமும் ஓட்டினால் தறி ஓடுகிறது. ஒரு முஷ்டிமேல் இன்னொரு முஷ்டியை வைத்து அழுத்தினால் தறி நின்றுவிட்டது. இருபத்தாறு வருடம் பேசிய பேச்சை மறந்துவிட்டு ஒரு போனைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறோமே!

இந்த வாரம் மருமகள் இன்னும் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. போனை எடுக்கப் போனவளை, டமாரம் வேண்டாம் என்று தலையாட்டித் தடுத்தாள். தன் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

காவலர் எழுந்து வந்தாள். “போன்ல பேசும்மா.”

“எனக்குக் காது கேக்காதும்மா! போனைக் காதுல வச்சா காதுக்குத்தான் பாரம்!”

அறையே திரும்பிப் பார்த்தது. காவலர் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டாள். “சரி சரி, கத்தாதே. வாயசைச்சுப் பேசிக்கோ. கேஸைப் பத்திப் பேசக் கூடாது.”

“கேஸைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் மாமியார்!”

காவலர் சிரித்துவிட்டு ஸ்டூலுக்குப் போனாள்.

ஒப்புக்கொண்ட தபாலை முதலில் கொடுத்தாக வேண்டும். டமாரம் இரண்டு கையாலும் ஸ்டியரிங் திருப்பிக் காட்டினாள். உன் புருஷன். உள்ளங்கையில் கையெழுத்துப் போட்டுக் காட்டினாள். வா என்று கையை அசைத்தாள். போட்டுட்டு வந்துடச் சொல்றான்.

மருமகளின் முகம் செத்துப்போயிற்று. அழவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கையைத் தூக்கி, உள்ளங்கையை இடமும் வலமும் ஓட்டி, புருவத்தை உயர்த்தினாள். தறி ஓடுதா?

ஆமாம், ஓடுகிறது என்று ஒரு கையசைவு போதும். பெண் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். பதினேழு நாளாக வீடு வீடாகவே இல்லை. சண்டை போடக்கூட ஆளில்லை. டமாரத்துக்கு மருமகள் வேண்டும். இந்த நிமிடமே, இந்தக் கண்ணாடியை உடைத்துக்கொண்டாவது வேண்டும். ஆனால் அப்புறம் நெட்டை இங்கே வந்து உட்காருவாள். தறி ஓடுகிறது என்றது பொய் என்று மருமகளுக்கு ஒருநாள் தெரியும். அன்றைக்கு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஒரு முஷ்டிமேல் இன்னொரு முஷ்டியை வைத்து, மேஜை அதிர அழுத்தினாள். நின்னுடுச்சு.

மருமகள் நம்பவில்லை. எத்தனை பேர் வெளியே என்று விரலை மடக்கிக் கேட்டாள். டமாரம் பத்து விரலையும் விரித்தாள். மடக்கி மறுபடி விரித்தாள். நான்கு தடவை. நாற்பது பேரும் வெளியேதான். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டி, ஈயை விரட்டுவதுபோல் கையை வீசினாள். அவன் கிடக்கிறான்.

மருமகளின் கண் நிறைந்து வழிந்தது. டமாரம் தன் காதைத் தொட்டு, அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். தெரிஞ்சுக்கிட்டேன்டி. மருமகளுக்கு உதடு துடித்தது. அழுதபடியே விரலால் காற்றில் ஒரு திருகு திருகிக் காட்டினாள். டிவி சத்தத்தைக் குறைச்சு வையுங்க.

டமாரம் வெடித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் காட்டிக்கொடுத்தது. காவலர் எழுந்து வந்து நின்றாள்.

“என்ன அது, கையைக் கையை ஆட்டிக்கிட்டு? இது என்னது?” என்று முஷ்டிமேல் முஷ்டியை வைத்துக் காட்டினாள்.

“சாப்பிட்டது செரிக்குதான்னு கேட்டேன்.”

“யாருகிட்ட கதை விடறே? உன் பேரை எழுதிக்கிறேன். ஒரு மாசத்துக்கு உனக்கு மனு கிடையாது.”

“ரெண்டு மாசம்னு எழுதிக்கோ! கேட்க வேண்டியதைக் கேட்டாச்சு!”

வாய்த்துடுக்காகச் சொல்லிவிட்டாள். ஆனால் வெளியே வரும்போது அந்த ஒரு மாதம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. வாசலில் மேனேஜர் ஃபைலோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, பெரிய மனுஷர் மாதிரி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போனார்.

ரோட்டைத் தாண்டி வண்டிக்குப் போனாள். மகன் கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

“சொன்னியாம்மா?”

“நீ சொன்னதைச் சொன்னேன். அப்புறம் நடந்ததையும் சொன்னேன்.”

“நடந்ததுன்னா?” அவன் முகம் வெளுத்தது. “தறி நிக்கிறதைச் சொல்லிட்டியா? அவ இப்ப போடமாட்டாளேம்மா! வீட்டுக்கு வரமாட்டாளே!”

“பொய்யைச் சொல்லிக் கூட்டிட்டு வந்தா, வர்றது அவளாடா?” என்றாள் டமாரம். பஸ் நிறுத்தத்தில் நின்ற நாற்பது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். “எனக்கு ஒரு மாசம் மனுவை நிறுத்திட்டாங்க. அடுத்த வாரம் யாரு போறது? சோப்பை யாரு கொடுக்கிறது? அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லாம அவ உக்காந்திருக்கணுமா?”



அரை மணி நேரத்தில் மேனேஜர் வெளியே வந்தார். சிரிப்பைக் காணோம். வாசலிலேயே நின்று போனைக் காதில் வைத்துப் பேச ஆரம்பித்தார். நடுவில் ரோடு, ரோட்டில் லாரியும் பஸ்ஸும். நல்ல காது உள்ள நாற்பது பேருக்கும் ஒரு சொல்கூட எட்டியிருக்காது. டமாரம் வண்டியின் பக்கத்தில் நின்று, அவர் உதட்டை மட்டும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள்.

“போடமாட்டாளாம் சார்” என்றது உதடு. “பேப்பரை மடிச்சு என் கையிலயே கொடுத்துட்டா. தறி ஓடலைங்கிறது அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு சார். யாரு சொன்னாங்கன்னுதான் தெரியலை.”

“நான்தான்யா சொன்னேன்!”

மேனேஜர் கையிலிருந்த போன் கீழே விழுந்தது. நாற்பது பெண்களும் ஒரு கணம் திகைத்து, விஷயம் பிடிபட்டதும் துள்ளினார்கள். நெட்டை வாயைப் பொத்திக்கொண்டு நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டமாரம் ஜெயில் மதிலைப் பார்த்துத் திரும்பி, அடிவயிற்றிலிருந்து இன்னொரு தடவை கத்தினாள். “நான்தான் சொன்னேன்! அவளோட மாமியார்!” உள்ளே எட்டியிருக்கும். எட்டட்டும் என்றுதான் கத்தினாள்.

மேனேஜர் போனைப் பொறுக்கிக்கொண்டு தடதடவென்று ரோட்டைத் தாண்டி வந்து வண்டியில் ஏறினார். “எடுடா வண்டியை.”

மகன் எடுக்கவில்லை. சாவியைத் திருகி உருவி, சீட்டின்மேல் வைத்தான். சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். இறங்கி வந்து அம்மாவின் முகத்துக்கு நேராக நின்று, மெல்ல வாயசைத்தான்.

“அந்த மனுச் சீட்டு எந்த ஜன்னல்ல தர்றாங்க?”

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவன் ஜெயில் வாசலைப் பார்த்து நடந்தான். வண்டிக்குள்ளிருந்து மேனேஜர் ஹாரனில் கையை வைத்து அழுத்தியபடியே இருந்தார். பஸ் நிறுத்தத்தில் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். டமாரத்துக்கு எதுவும் கேட்கவில்லை. காது நன்றாகக் கேட்கிற மகனும் திரும்பிப் பார்க்கவில்லை.