கிழ இதயங்கள்

எலியின் இதயத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் கட்டித் தொங்கவிடுவதில் துமெக்காவுக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். கேப் டவுனில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் அவளுடைய ஆய்வுக்கூடம் இருந்தது. குழாயில் ஊட்டநீர் ஓடும்வரை இதயம் உடம்பில்லாமலே துடிக்கும். அரைமணி நேரம் நீரை அடைத்துவிட்டு மறுபடி திறப்பாள். ரத்தம் நின்றால் மட்டுமல்ல, நின்ற ரத்தம் திரும்பி வந்தாலும் இதயத்துக்கு அடிதான். அந்த அடியைத் தாங்க உதவும் ஏற்பிகள் என்னும் புரதங்கள் சில, இதயச் செல்களின் மேல் இருக்கின்றன. அவற்றைத் தூண்டும் மருந்தொன்றைப் பேராசிரியர் ஃபெர்மாக் கண்டுபிடித்திருந்தார். நாற்பது எலி இதயங்கள் அவள் கண்ணெதிரே மீண்டு துடித்தன. எதிர் வார்டில் நோயாளிகளுக்கும் அதைச் சோதனையாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த வாரம் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம். இளம் எலிகள் வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று, ஈன்று ஓய்ந்த கிழட்டு எலிகளை எடுத்துக்கொண்டாள். மருந்தில்லாத ஆறு இதயங்கள் நொண்டியடித்தாவது துடித்தன. மருந்து கொடுத்த ஆறும் திறந்த சற்று நேரத்தில் கூழாங்கல்லாக இறுகிப்போயின.

செவ்வாய்க்கிழமை மாலை ஃபெர்மாக்கிடம் போய்ச் சொன்னாள். கிழட்டு எலிகளை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்றார் அவர்.

"வார்டுக்கு வர்றவங்க மட்டும் வாலிபப் பசங்களா, புரொஃப்?"

அவர் அவளுடைய குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் இருபது இதயம் பார்த்துவிடு, அப்புறம் நிறுத்துவதைப் பற்றி யோசிப்போம் என்றார். அது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை ஹெண்ட்ரிக் கூபிடோவை நெஞ்சுவலியோடு கொண்டுவந்தார்கள். அறுபத்தேழு வயது, மீன்பிடிப் படகிலேயே காலம் தள்ளியவர். கையெழுத்து வாங்கிக்கொண்டு மருந்தை ஏற்றி, இதய ரத்தக்குழாயின் அடைப்பை எடுத்தார்கள். வலி விட்டுவிட்டது என்று மனைவி மீடாவிடம் சொன்னார். கால்மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை, மருந்து கொடுத்த பத்தில் ஒன்பது இதயங்கள் இறுகின. வயதான செல்லில் அந்த ஏற்பிகள் தலைகீழாக வேலை செய்கின்றனவோ என்னவோ, ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. ஃபெர்மாக் அன்றே எல்லாவற்றையும் நிறுத்தினார்.

மறுவாரம் மீடா விவரம் கேட்க வந்தாள். குறிப்பேட்டோடு துமெக்காவும் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பெரிய அடைப்புக்கு அவர் எப்படியும் இறந்திருக்கலாம் என்றார் ஃபெர்மாக். அது பொய்யில்லை. மீடா துமெக்காவின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. மருந்துதான் கொன்னுச்சா?"

"தெரியலம்மா. ஆனா செவ்வாக்கிழமையே எங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

ஃபெர்மாக் கண்களை மூடிக்கொண்டார்.

"எம் புருஷனுக்கு வியாழக்கிழமைதானே போட்டீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப நடுவுல முழுசா ஒரு நாள் இருந்திருக்கு," என்றாள் மீடா. எழுந்து போனாள்.

விசாரணை மூன்று மாதம் நடந்தது. ஃபெர்மாக் பதவி விலகினார். துமெக்கா மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைவரை பொறுக்கலாம் என்றதற்கு நானும்தான் தலையாட்டினேன் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். விசாரணைக்கு அது தேவையில்லை என்று அந்த வரியை அடித்துவிட்டார்கள்.