மழையில் விட்ட கப்பல்

ஜெயரூபிக்குத் தன் மச்சாள் துஷாந்தியைப் பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அன்புவழிபுரத்து வீட்டுக்குத் துஷாந்தியைக் கூட்டிக்கொண்டு வந்ததே அவள்தான். துஷாந்தியின் புருஷன் கட்டாருக்கு வேலைக்குப் போனபோது, பிள்ளை குட்டி இல்லாதவள் தனியாக ஏன் வாடகை வீட்டில் கிடந்து யோசிக்க வேண்டும் என்று கணவன் இராகுலனிடம் சொல்லி, வளவுக்குள் இருந்த பின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுப் பாயும் தலையணையும் வாங்கிப் போட்டு அழைத்து வந்தாள். இராகுலனுக்கு அவள் ஒரே தங்கச்சி. அதற்காக அவன் ஜெயரூபியைப் பார்த்த பார்வையில் இருந்த நன்றியை நினைத்து அவள் நெடுநாள் பெருமைப்பட்டிருக்கிறாள்.

துஷாந்தி வந்ததில் வசதியும் இருந்தது. ஜெயரூபி நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் காசாளராக இருந்தாள். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். இராகுலனுக்குத் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் இறக்குகிற இறங்குதுறையில் வேலை. அவன் வருவதும் போவதும் கப்பலின் கையில் இருந்தது. மகள் லக்சிகா இரண்டாம் வகுப்பு. அதுவரை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பக்கத்து வீட்டில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டு கிடந்த பிள்ளைக்கு இனி மாமி இருக்கிறாள் என்பது எவ்வளவு நிம்மதி.

மாமியும் லக்சிகாவும் எறிகிற சாமானில் செய்ததில் முதலில் வந்தது ஒரு கணவாய் மீன். துடைக்கிற ரிஷூத் தாள் சுற்றிவருகிற மட்டைக் குழாயின் அடியைக் கீறிக் கால்களாக வளைத்து, பழைய சேட்டுப் பொத்தான் இரண்டைக் கண்ணாக ஒட்டியிருந்தார்கள். ஜெயரூபி அதைக் கையில் எடுத்துப் பார்த்து உண்மையாகவே சிரித்தாள். அடுத்து யோகட் கப்பைக் கவிழ்த்துச் செய்த கோழி வந்தது. முட்டை மட்டையை வெட்டி நிறம் பூசிய பூக்கள் வந்தன. ஐஸ்பழக் குச்சியில் வேலி, பால்மா பெட்டியில் வீடு, சோடா மூடியில் சில்லு வைத்த பஸ். ஒரு மாதத்துக்குள் அலுமாரியின் மேலும் குளிர்பெட்டியின் மேலும் யன்னல் கட்டிலும் இடமில்லாமல் போயிற்று. ஒழுங்கையில் இருந்த மற்றப் பிள்ளைகளும் பின்னேரங்களில் பின் அறை வாசலில் குந்தத் தொடங்கினார்கள்.

ஜெயரூபியின் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் லக்சி கேற்றடிக்கு ஓடி வருவாள். வந்து அம்மாவின் கையைப் பிடித்தபடியே தொடங்குவாள். மாமி இப்படிச் சொன்னா, மாமி அப்படி வெட்டினா, மாமிக்கு எல்லாம் தெரியும். ஹெல்மெட்டைக் கழற்ற முதலே ஜெயரூபியின் காதுக்குள் அந்த மாமி ஏறி உட்கார்ந்துவிடுவாள். குளிர்பெட்டியைத் திறக்கப் போனால் கோழி பார்த்தது. முகம் துடைக்கத் துவாயை எடுக்கப் போனால் பஸ் விழுந்தது. தன் சம்பளத்தில் வாங்கிய வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றின் தலையிலும் துஷாந்தியின் சாமான் ஏறி நிற்கிறது என்று ஒருநாள் நினைத்தாள். நினைத்ததும் தனக்கே வெட்கமாயிருந்தது. ஆனால் நினைப்பு போகவில்லை.

சம்பளம் எடுத்த சனிக்கிழமை, நகரத்துப் பெரிய புத்தகக் கடையில் ஒரு கைவேலைப் பெட்டி வாங்கினாள். மினுக்கத் தாள், நிறக் களிமண், முத்து, விளக்கப் படம் எல்லாம் உள்ளே இருந்தன. நாளைக்கு ஞாயிறு, தானும் மகளும் முன் விறாந்தையில் பாய் விரித்து உட்காருவது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தாள். லக்சி பெட்டியைப் பார்த்ததும் துள்ளினாள். அம்மாவின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். பிறகு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின் அறைக்கு ஓடினாள்.

"மாமி, அம்மா வாங்கித் தந்தவ. வாங்கோ செய்வம்."

ஜெயரூபி குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தாள். இராகுலன் வந்தபோது கண் சிவந்திருந்ததற்கு அது காரணமாகப் போயிற்று. ஆனாலும் அவனிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள், பிள்ளை அங்கேயே கிடக்கிறாள் என்று. அவன் விளங்காமல் சிரித்தான். பிள்ளை சந்தோசமாக இருக்கிறாள், தங்கச்சிக்கும் பொழுது போகிறது, உமக்கென்ன குறை என்று கேட்டான். அதன் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை. எடுக்காதது உள்ளே கிடந்து எரிந்தது.

ஐப்பசி பிறந்த கையோடு பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்றார்கள். எறிகிற பொருளில் வீட்டில் செய்த ஏதாவது ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் கொண்டுவர வேண்டும். ரீச்சரின் செய்தி கடையில் நிற்கும்போது ஜெயரூபியின் போனுக்குத்தான் வந்தது. இந்த முறை விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு எடுத்தாள். என்ன செய்யலாம் என்று வாடிக்கையாளருக்கு மிச்சக் காசு கொடுக்கிற நேரமெல்லாம் யோசித்தாள். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கிணற்றுக் கட்டில் கப்பல் நின்றது.

அப்பாவின் இறங்குதுறைக்கு வருகிற கோதுமைக் கப்பலாம். மட்டையில் உடம்பு கட்டி, பழைய பேப்பரைக் கிழித்துக் கோதுமை மாப் பசையில் தோய்த்து மேலே மேலே ஒட்டியிருந்தார்கள். லக்சியின் கை நீளம் இருந்தது. முன்பக்கம் நிமிர்ந்து, பின்பக்கம் மாடி வைத்து, உண்மையாகவே கப்பலின் கம்பீரம் அதற்கு வந்திருந்தது. இன்னும் நாலைந்து வெயில் காய்ந்தால் நிறம் பூசலாம் என்றாள் லக்சி.

அம்மாவோடு செய்திருக்கலாமே என்று ஜெயரூபி சிரித்த முகத்தோடுதான் கேட்டாள்.

"நீங்கள் களைச்சுப்போய் வருவீங்களெல்லே அம்மா. மாமி சும்மாதானே இருக்கிறா."

பிள்ளை அன்போடுதான் சொன்னாள். அதனால் கோபிக்கவும் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கப்பலுக்குச் சிவப்பும் கறுப்பும் வாங்கத் துஷாந்தியும் லக்சியும் ஓட்டோ பிடித்துக் கடைத்தெருவுக்குப் போனார்கள். இராகுலன் வேலைக்குப் போயிருந்தான். மதியத்துக்குப் பிறகு கடல் பக்கம் திடீரென்று இருண்டது. ஜெயரூபி வெளியே ஓடிக் கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ளினாள். திரும்பி ஓடிச் சுளகில் காய்ந்த மிளகாயை எடுத்தாள். மூன்றாவது தடவை கிணற்றடியில் கிடந்த இராகுலனின் செருப்பை எடுக்கப் போனாள். செருப்புக்கு எதிரே, கிணற்றுக் கட்டில், கப்பல்.

முதல் துளிகள் அதன்மேல் விழுந்து கறுப்புப் புள்ளிகளாக ஊறுவதைப் பார்த்தாள். எட்டி எடுக்கிற தூரம்தான். அவள் செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

யன்னலடியில் நின்றாள். இன்னும் போகலாம், இப்போது போனாலும் காப்பாற்றிவிடலாம் என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது. கால் அசையவில்லை. மழை பெரிதாகியது. நிமிர்ந்து நின்ற முன்பக்கம் மெல்லக் குனிந்தது. மாடி சரிந்தது. பேப்பர் தோல் உரிந்து வெள்ளைத் தண்ணீராகக் கட்டில் வழிந்தது. அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசாகியது. அடுத்த கணமே யன்னலைச் சாத்தினாள்.

மழை விட்டபின் வந்தார்கள். லக்சி நேரே கிணற்றடிக்குத்தான் ஓடினாள். அங்கே கிடந்த கூழை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாய் கோணியது. ஜெயரூபி கையை நீட்டிக்கொண்டு போனாள். பிள்ளை திரும்பி மாமியின் வயிற்றில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழுகையும் அங்கேதான் போகும் என்று ஜெயரூபி நினைத்திருக்கவில்லை.

விக்கலுக்கு நடுவே லக்சி கேட்டாள், "அம்மா, நீங்கள் வீட்டிலதானே நிண்டனீங்கள்?"

"நான் காணேல்லையம்மா."

துஷாந்தி விறாந்தையைப் பார்த்தாள். கதிரையில் காய்ந்த உடுப்பு குவிந்து கிடந்தது. மேசையில் மிளகாய்ச் சுளகு. கதவடியில் நனையாத செருப்பு. பிறகு ஜெயரூபியின் முகத்தைப் பார்த்தாள். ஜெயரூபி கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"அது மாமின்ர பிழை," என்றாள் துஷாந்தி, பிள்ளையின் தலையைத் தடவியபடி. "வாளிக்குப் பின்னால மறைச்சு வைச்சிட்டுப் போயிட்டன். அம்மாக்கு எப்பிடித் தெரியும்?"

கிணற்றுக் கட்டில் வாளியே இருக்கவில்லை. இந்த நல்லகுணமும் அவளுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று ஜெயரூபிக்கு உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. ஏசியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள்.

அடுத்த நாளிலிருந்து பின் அறை வாசலில் பிள்ளைகள் குந்தவில்லை. துஷாந்தி தலையிடி என்றாள். லக்சிக்குச் சாப்பாடு கொடுத்தாள், பாடம் சொல்லிக் கொடுத்தாள், கத்தரிக்கோலை மட்டும் எடுக்கவில்லை. கண்காட்சி நெருங்கியது. ஒரு பின்னேரம் லக்சி அம்மாவிடம் வந்து, நாங்கள் ஒரு மான் செய்வோமா என்று கேட்டாள். கோட்டைப் பக்கமும் பஸ் நிலையத்தடியிலும் திரிகிற புள்ளி மான்.

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஜெயரூபி கடையில் அரை நாள் லீவு எடுத்தாள். பால்மா பெட்டியில் உடம்பு வெட்டினாள், கோணியது. பசை காய்ச்சினாள், கட்டி பட்டது. பேப்பரைச் சுருட்டிக் கால் வைத்தாள். மான் முன்னால் விழுந்தது. கால்களைத் தடிப்பாக்கினாள். பின்னால் விழுந்தது. லக்சி ஒரு குறையும் சொல்லவில்லை. விழுந்த மானைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள்:

"நல்லா இருக்கு அம்மா. பரவாயில்லை."

ஜெயரூபி எழுந்து, பசைக் கையோடு பின் அறைக்குப் போனாள். துஷாந்தி கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மட்டைகளும் மூடிகளும் ஒரு உரப்பைக்குள் போய்க் கட்டப்பட்டு மூலையில் இருந்தன.

"மான் நிக்குதில்லை மச்சாள்," என்றாள் ஜெயரூபி.

துஷாந்தி நிமிர்ந்து பார்த்தாள். "காலுக்குள்ள ஈர்க்கு வைச்சனீங்களோ?"

"இல்லை."

"ஈர்க்கை நடுவில வைச்சுச் சுத்தினால் நிக்கும்."

சொல்லிவிட்டு அவள் எழும்பவில்லை. ஜெயரூபியும் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் உங்கட பிள்ளையைப் பறிக்க வரேல்லை," என்றாள் துஷாந்தி.

"தெரியும்."

"தெரிஞ்சும்தான் மழைக்குள்ள விட்டனீங்கள்."

ஜெயரூபி பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "ஓம்," என்றாள். "எனக்கு எரியுது மச்சாள். நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு."

துஷாந்தி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஸ்கூட்டிச் சத்தம் கேட்டவுடன கத்தரிக்கோலை அப்பிடியே போட்டிட்டு உங்களிட்ட ஓடுவாள். பாதி ஒட்டினது என்ர கையில கிடக்கும். ஒரு நாளாவது திரும்பிப் பாக்கிறேல்லை. எனக்கு எரியாதெண்டு நினைச்சனீங்களோ?"

ஜெயரூபிக்கு அது புதுக் கதை. கேற்றடியில் பிள்ளை தன் கையைப் பிடிக்கிற நேரமெல்லாம் அவள் மாமி என்ற சொல்லை மட்டும்தான் கேட்டிருந்தாள். ஓடி வந்த பிள்ளையைப் பார்க்கவில்லை. மன்னிப்பு என்று ஒன்றும் அவள் கேட்கவில்லை. மூலையில் கிடந்த உரப்பையைத் தூக்கினாள். துஷாந்தி எழும்பி விளக்குமாற்றில் நாலு ஈர்க்கு உருவினாள்.

மானைச் செய்தபோதும் இருவருக்கும் இடையில் எல்லாம் தேன் வடியவில்லை. காது எங்கே வைப்பது என்று ஒரு சின்ன இழுபறி வந்தது. லக்சி யாருடைய மடிப் பக்கம் சாய்கிறாள் என்று இருவருமே ஓரக்கண்ணால் பார்த்தார்கள். துஷாந்தி புதிதாகப் பசை காய்ச்சினாள். ஜெயரூபி கால்களைச் சுற்றினாள். லக்சி காது துடைக்கிற பஞ்சுக் குச்சியில் வெள்ளை தொட்டுப் புள்ளி வைத்தாள், வயிற்றிலும் சேர்த்து.

கண்காட்சியில் மான் நான்கு காலில் நின்றது. பார்க்க வந்த அம்மாமாரின் கூட்டத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வகுப்பு ரீச்சர் குனிந்து மானைத் தடவிப் பார்த்து, நல்ல வடிவு, ஆர் உதவி செய்தது என்று லக்சியிடம் கேட்டார்.

லக்சி யோசிக்கவே இல்லை. "நான்தான் செய்தனான் ரீச்சர். அம்மாவும் மாமியும் பாத்துக்கொண்டு இருந்தவை."

ஜெயரூபிக்கு நெஞ்சில் பழைய எரிச்சல் சுருக்கென்று எழும்பியது. பக்கத்தில் திரும்பினாள். துஷாந்தியின் முகமும் சுருங்கிப் போயிருந்தது. அதைக் கண்டதும் ஜெயரூபிக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்றால், சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைக்க வேண்டியிருந்தது.

"பசை காய்ச்சினது நான்," என்றாள் துஷாந்தி மெல்ல.

"கால் சுத்தினது நான்," என்றாள் ஜெயரூபி.

லக்சி இருவரையும் பார்க்கவில்லை. மானைக் காட்டுவதற்கு ஒரு சிநேகிதியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவும் மாமியும் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று சொல்லி அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள். இருவரும் தள்ளி நின்றார்கள்.